கடல்கட்டி: மன்னார் வளைகுடா முத்துச் சலாபங்களில் சுறா அச்சமும் மூழ்குவோர் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் சுறாக்களின் வாயைக் கட்டுபவராகக் கருதப்பட்ட ஒருவர் 'கடல்கட்டி' என்னும் பெயரில் பணியாற்றினார். மேலை நாட்டுப் பயணிகளும் காலனிய அலுவலர்களும் இவரை மூடநம்பிக்கையின் அடையாளமாகவே பெரிதும் பதிவு செய்துள்ளனர். அப்பதிவுகளை மறுவாசிப்புக்கு உட்படுத்தும் இக்கட்டுரை, கடல்கட்டி என்னும் நிறுவனம் சலாபத்தின் நேரம், இடம், கூட்டம், எச்சரிக்கை ஆகிய கட்டுப்பாடுகளோடு பிணைந்து இயங்கியதை எடுத்துக்காட்டுகிறது. சுறாவைக் கொல்லாமல் மனிதர் நடத்தையை வரையறுத்ததே அந்த ஏற்பாட்டின் சாரம் என்றும், மூழ்குவோரின் ஒப்புதல் இன்றி அது நடந்திருக்க இயலாது என்றும் கட்டுரை வாதிடுகிறது.

கருச்சொற்கள்: முத்துச் சலாபம், கடல்கட்டி, சுறா, மன்னார் வளைகுடா, பரதவர், மூழ்குவோர், கட்டு.

முன்னுரை

கடலோர நீரில் மனிதரும் சுறாவும் எவ்வாறு தீங்கின்றி உடனுறைவது என்னும் வினா கடந்த நூறாண்டுகளில் உலகின் பல கடற்கரைகளில் எழுந்துள்ளது. 1937இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கடற்கரைகளிலும், 1952இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், 1962இல் குயின்ஸ்லாந்திலும் குளிப்போரைக் காக்க வலைகளும் தூண்டில்களும் இடப்பட்டன. இவ்வலைகள் கரையை முழுமையாக மூடும் வேலிகள் அல்ல. அப்பகுதிக்கு வரும் சுறாக்களைப் பிடித்துக் குறைப்பதே அவற்றின் செயல்முறை. அவற்றில் ஓங்கில்களும் ஆமைகளும் சேர்ந்தே மடிகின்றன என்னும் குறைபாடு தொடர்ந்து சுட்டப்பட்டு வருகிறது.

இவ்வினா தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. பொழுதுபோக்குக்காக நீந்துவோரின் வினாவாக அல்லாமல், பிழைப்புக்காகக் கடலடியைத் தொட்டு மீள்வோரின் வினாவாக அது இங்கு எழுந்தது. கொற்கை, தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார், அரிப்பு எனப் பாக் நீரிணைக்குத் தெற்கே இருபுறமும் விரியும் கரையில் முத்தும் சங்கும் குளித்தோர் எதிர்கொண்ட இடர்களுள் சுறா ஒன்று. அதற்கு அவர்கள் கண்ட விடையை அறிய, கடல்கட்டி பற்றிய சான்றுகளைக் கால வரிசையில் நோக்குவது தேவையாகிறது.

சங்கப் பாடல்களில் சுறா

அகநானூற்றின் 350ஆம் பாடல் கொற்கைப் பரதவரைக் காட்டுகிறது. விரிந்த கடற்பரப்பில் தாக்க வரும் சுறாவை நீக்கிவிட்டு அவர்கள் வலம்புரிச் சங்குக்கு மூழ்குகின்றனர். சங்கொலி முழங்கக் கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. மூழ்குதலுக்கு முந்திய செயலாகச் சுறாவை நீக்குதல் அமைவது இங்கு நோக்கத்தக்கது. நீக்குதல் என்பது கொல்லுதல் ஆகாது. அகற்றுதல், விலக்குதல் என்றே பொருள்படும். எம்முறையில் நீக்கினர் என்று பாடல் விளக்கவில்லை. ஆயினும், சுறா அகன்ற பின்னரே மூழ்குதல் என்னும் வரிசை அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்று கொள்ள இது இடம் தருகிறது.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது, சினைச் சுறாவின் கோட்டை நட்டு அதில் உறையும் தெய்வத்தை வழிபடுகின்றனர். கோடு என்று சுட்டப்படுவது வேளாமீனின் வாள்போன்ற முகமுனையாக இருக்கலாம் என்று கருதவும் வாய்ப்புண்டு. எவ்வாறாயினும், அஞ்சத்தக்க உயிரே வணங்கத்தக்கதாகவும் ஆகிறது. அவ்வழிபாடு கடலுக்குச் செல்லா நாளோடு சேர்ந்து வருகிறது. அச்சம், வழிபாடு, விலகல் என்னும் மூன்றும் ஒரே நாளில் இணைகின்றன.

இதே கரையைக் கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலாகிய பெரிப்ளஸ் வேறொரு கோணத்தில் காட்டுகிறது. கொற்கையில் முத்துக்குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது அந்நூல். மறுக்க இயலாதவரை மூழ்கச் செய்வதும், மறுக்கும் உரிமை உடையோரை மூழ்க இசையச் செய்வதும் வேறுவேறு. பிற்காலச் சலாபங்களின் பாதுகாப்பு ஏற்பாடு இவற்றுள் இரண்டாம் நிலையிலிருந்து பிறந்தது.

பகலில் கட்டு, இரவில் அவிழ்ப்பு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவின் குறிப்பு, சுறா கட்டுதல் பற்றிய தெளிவான தொடக்கச் சான்றாகும். ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடக்கிறது. வணிகர்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குச் செலுத்துகின்றனர். மூழ்குவோருக்குப் பெருமீன்கள் தீங்கு செய்யாதவாறு மந்திரத்தால் கட்டும் அந்தணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போகிறது. அரசன் பெறுவதில் சரிபாதி பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது என்பது இப்பணிக்கு அளிக்கப்பட்ட மதிப்பைக் காட்டும்.

இக்குறிப்பின் ஒரு கூறு தனிக்கவனத்துக்கு உரியது. மந்திரக்கட்டு அந்தப் பகலுக்கு மட்டுமே உரியது. மாலையில் அது அவிழ்க்கப்படுகிறது. இரவில் மீன்கள் தம் விருப்பப்படி தீங்கு செய்யலாம். நம்பிக்கை மட்டுமே நோக்கமாயின் கட்டை நாள்தோறும் அவிழ்க்க வேண்டிய தேவை இல்லை. அவிழ்ப்பதால் இரண்டு பயன்கள் விளைந்திருக்கும். ஒன்று, இரவில் மறைவாக மூழ்கிச் சிப்பி எடுப்பது தடுக்கப்படும். இது அரசனுக்கும் வணிகருக்கும் நன்மை. மற்றொன்று, சுறாக்கள் பெரிதும் இரைதேடும் அந்தி, இரவு, விடியல் ஆகிய வேளைகளில் மனிதர் நீரில் இல்லாமல் போவர். இது மூழ்குவோருக்கு நன்மை. பகற்கடல் மனிதருக்கு, இரவுக்கடல் மீனுக்கு என்னும் காலப் பங்கீடு இங்கு மந்திர மொழியில் சொல்லப்பட்டுள்ளது எனலாம்.

சலாபத்தின் ஒரு நாள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட விவரிப்புகளால் சலாபத்தின் அன்றாட ஒழுங்கை அறிய முடிகிறது. பருவக்காற்றுகளுக்கு இடையே கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சலாபம் கூடியது. நள்ளிரவை ஒட்டி வேட்டுச் சத்தம் எழ, நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் ஒருசேரப் புறப்பட்டன. விடியும்போது பாரை அடைந்து, வெளிச்சம் வந்தபின் குறிக்கப்பட்ட எல்லைக்குள் மூழ்கத் தொடங்கின. நண்பகலில் மீண்டும் வேட்டு. கடற்காற்றில் அனைத்துத் தோணிகளும் கரை திரும்பின.

ஒரு தோணியில் இருந்த இருபத்து மூவருள் பதின்மர் மூழ்குவோர். ஐந்து கற்கள், ஐவர் மூழ்க ஐவர் இளைப்பாறினர். மூழ்குபவர் கல்லில் காலூன்றிக் கயிற்றோடு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் கடலடியில் சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பார். கயிற்றைச் சுண்டியதும் தோணியில் இருப்பவர் இழுப்பார். தனியாக மூழ்குவதற்கு இம்முறையில் இடமே இல்லை. மூழ்கும் ஒவ்வொருவரின் உயிரும் மேலே கயிறு பிடித்த மற்றொருவரின் கையில் இருந்தது.

தனியே நீரில் இறங்காதிருத்தல், அந்தியிலும் இரவிலும் தவிர்த்தல், கலங்கல் நீரைத் தவிர்த்தல், கூட்டமாக இருத்தல் ஆகியனவே இன்று சுறா உலவும் கடற்கரைகளில் குளிப்போருக்குக் கூறப்படும் அறிவுரைகள். சலாபத்தின் ஒழுங்கில் இவை அனைத்தும் உள்ளடங்கியிருந்தன. காற்று, வெளிச்சம், கண்காணிப்பு ஆகிய தேவைகளும் அவ்வொழுங்கை வகுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பல காரணங்களால் பிறந்த ஓர் ஒழுங்கு பாதுகாப்பாகவும் பயன்பட்டது. நூற்றுக்கணக்கான தோணிகளின் ஓசையும் கூட்டமும் சுறாக்களை விலக்கியிருக்கும் என்ற விளக்கமும் 19ஆம் நூற்றாண்டில் முன்வைக்கப்பட்டது. இதை முழுதும் ஏற்பதற்கில்லை. தாழ்ந்த ஒலிகளைத் தொலைவிலிருந்தே உணரும் சுறா, சில ஒலிகளுக்கு விலகும். சிலவற்றை நாடியும் வரும்.

கடல்கட்டி என்னும் பதவி

கொழும்புப் படைமுகாமில் குருவாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கார்டினர் 1807இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூல், கடல்கட்டியை விரிவாகக் காட்டுகிறது. தமிழில் கடல்கட்டி என்றும் இந்துஸ்தானியில் ஹைபந்தா என்றும் அவர் அழைக்கப்பட்டதாகக் கார்டினர் குறிக்கிறார். இப்பதவி ஒரே குடும்பத்துக்கு உரியது. எப்போதும் இருவர் பணியில் இருந்தனர். ஒருவர் தலைமை வழிகாட்டியின் தோணியில் கடலுக்குச் செல்வார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள் ஆடையின்றித் தனித்திருப்பார். தோணிகள் புறப்பட்டது முதல் திரும்பும்வரை அவரை எவரும் காண்பதில்லை. அவர் முன்னால் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரம். அதில் வெள்ளியால் செய்த ஆண்மீன் ஒன்றும் பெண்மீன் ஒன்றும். கடலில் சுறாவால் தீங்கு நேரின் ஒரு மீன் மற்றொன்றைக் கடிக்கும் என்பது நம்பிக்கை.

அதே காலத்தவரான இராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலும் கரையில் நின்று தோணிகள் திரும்பும்வரை ஓதிக்கொண்டிருந்தவர்களைக் குறிப்பிடுகிறது. அவர்கள் அதுவரை உண்ணவோ பருகவோ கூடாது என்பது விதி. அவ்விதி கள்ளால் மீறப்பட்டதையும் அவர் ஏளனத்தோடு எழுதுகிறார்.

கார்டினரும் இக்குடும்பத்தினரை ஏமாற்றுக்காரர் என்றே கருதினார். ஆனால் அவரது விவரிப்பிலேயே வேறோர் உண்மை வெளிப்படுகிறது. கடல்கட்டி ஒருவர் தோணித் தொகுதியில் இருக்கிறார் என்று அறியாமல் மூழ்குவோர் கடலில் இறங்க மாட்டார்கள். ஆதலால் அவர் சலாபப் பணியமைப்பின் இன்றியமையாத அங்கமாக இருந்தார். மனநிறைவு இல்லையெனில் சுறாக்களை ஏவிவிடவும் அவரால் முடியும் என்று மூழ்குவோர் நம்பியதால், அவருக்குப் பல திசைகளிலிருந்தும் காணிக்கைகள் வந்தன.

அரசு அவரை நம்பவில்லை. ஆயினும் அவரை விலக்க இயலவில்லை. மூழ்குவோர் இறங்க மறுத்தால் சலாபமே இல்லை. பேரங்களில் பேசும் வாய்ப்பற்ற உழைப்பாளிகள் தம் உயிர்ப் பாதுகாப்பு குறித்து விதித்த நிபந்தனையாக இதைக் காண வேண்டும். அந்நிபந்தனை மந்திர வடிவில் இருந்தது என்பதனால் அது நிபந்தனை அல்லாமல் போவதில்லை.

1797: ஒரு தவறான எச்சரிக்கை

ஹென்றி லெபெக் 1797ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதச் சலாபத்தை நேரில் கண்டு எழுதிய கட்டுரை இவ்வாய்வுக்கு மிக முதன்மையானது. சுறா கண்ணில் பட்டால் மூழ்குபவர் உடனே குறியீடு தருவார் என்றும், அதைக் கண்டதும் எல்லாத் தோணிகளும் உடனடியாகத் திரும்பிவிடும் என்றும் அவர் எழுதுகிறார். மந்திரத்தோடு கூடவே ஒரு நடைமுறை எச்சரிக்கை அமைப்பும் இயங்கியது என்பதற்கு இது நேர்ச்சான்று.

அவர் தரும் நிகழ்வொன்று இவ்வமைப்பின் உள்முரணைக் காட்டுகிறது. மூழ்கிய ஒருவரின் கால் சம்மட்டி வடிவச் சிப்பியொன்றின் மேல் பட்டுக் காயமுற்றது. சுறா கடித்ததாக எண்ணி அவர் வழக்கமான குறியீட்டைத் தந்தார். பல தோணிகள் திரும்பின. பின்னர் உண்மை தெரிந்ததும் அவர் தண்டிக்கப்பட்டார்.

ஒரு நாளின் பாதிப் பொழுதே மூழ்கும் நேரம். அதை இழப்பது குத்தகைதாரருக்கும் அரசுக்கும் பெரும் இழப்பு. எனவே எச்சரிக்கை பொய்யானால் தண்டனை என்னும் நிலை தோன்றியது. ஆனால் கடலடியில், ஒரு நிமிட மூச்சுக்குள், காலைக் கிழித்தது சிப்பியா சுறாவா என்று ஆராய்ந்து பார்க்க ஒருவருக்கு அவகாசம் இல்லை. தவறுக்குத் தண்டனை உண்டெனில் அடுத்தவர் தயங்குவார். அத்தயக்கம் உயிரைக் கொள்ளும். பாதுகாப்பு அமைப்பின் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விக்குச் சலாபம் தந்த விடை, காயமுற்றவரே ஏற்க வேண்டும் என்பதாக இருந்தது. சலாப ஒழுங்கைப் போற்றும்போது இக்குறையை மறைத்தல் தகாது.

லெபெக் கேட்டறிந்த மற்றொரு செய்தி கடல்கட்டியின் பொறுப்புக்கூறலைப் பற்றியது. முன்னொரு முறை ஒருவர் சுறாவால் காலை இழந்தபோது தலைமைக் கடல்கட்டியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தம்மீது பகை கொண்ட கிழவி ஒருத்தி வந்து எதிர்மந்திரம் செய்துவிட்டாள் என்றும், அது தமக்குக் காலந்தாழ்ந்தே தெரிந்தது என்றும் அவர் கூறினார். பின்னர் தம் ஆற்றலை மெய்ப்பிக்கச் சுறாக்களைக் கட்டினார். அவை பெருந்திரளாகத் தோன்றியும் வாயைத் திறக்க இயலாமல் போயின என்பது கதை. கதையின் உள்ளடக்கம் எதுவாயினும், ஒருவருக்குக் கால் போனால் அதற்கு விடைகூற ஒருவர் அழைக்கப்பட்டார் என்பது வரலாற்றுச் செய்தி. பொய்யாக எச்சரித்தவர் தண்டனை பெற்றார்; காக்கத் தவறியவர் விளக்கத்தோடு தப்பினார். இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் சலாபத்தில் அதிகாரம் எங்கிருந்தது என்பது புலனாகும்.

சமயம் மாறியும் மாறாத கட்டு

பரதவர் 1535 முதல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவத் தொடங்கினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் டச்சுக்காரர் கைக்கு மாறின. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறின, சமயம் மாறியது, கடல்கட்டி மட்டும் தொடர்ந்தார்.

இலங்கையின் காலனியச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தாம் கண்டதை எழுதுகையில், அப்போதைய கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்கிறார். ஆற்றல் பரம்பரைக்கு உரியது. சமயத்தைச் சார்ந்தது அன்று எனக் கருதப்பட்டது. டென்னன்ட் சென்ற வேளையில் கடல்கட்டி நோயுற்றிருந்ததால் ஒரு பதிலாள் வந்திருந்தார். மந்திரத்தின் மறைபொருள் தமக்குத் தெரியாது என்றும், மேலவரின் பதிலாளாகத் தாம் வந்திருப்பதையே சுறாக்கள் மதிக்கும் என்றும் அவர் கூறினாராம்.

நகைச்சுவையாகப் பதிவான இச்செய்தி ஆழ்ந்த பொருள் உடையது. மந்திரம் தெரியாதவரும் பணியை நிறைவேற்றலாம் எனில், இன்றியமையாதது மந்திரம் அன்று. பதவியில் ஒருவர் இருத்தலே. பார்மீது ஒருவர் நிற்கிறார், அவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்னும் உறுதியே மூழ்குவோரின் மூச்சை நிலைப்படுத்தியது. பதற்றம் மூச்சைக் குறைக்கும். மூச்சுக் குறைந்தவர் கடலடியில் தடுமாறுவார். சுறாவைவிடச் சுறா பற்றிய அச்சமே மூழ்குவோருக்கு நாள்தோறும் நேர்ந்த இடர் என்று கருத இடமுண்டு.

'கட்டு' என்னும் சொல்

கடல்கட்டி என்னும் பெயரைச் சுறாவைக் கட்டுபவர் என்றே கார்டினர் பொருள்கொண்டார். ஆனால் சொல் சுறாகட்டி அன்று, கடல்கட்டி. கட்டப்படுவது மீன் மட்டுமன்று, கடல். தமிழ் மந்திர மரபில் வாய்க்கட்டு, திசைக்கட்டு என்னும் வழக்குகள் உண்டு. லெபெக் கேட்ட கதையில் சுறாக்கள் வாய்திறக்க இயலாது நின்றது வாய்க்கட்டு. குறித்த பாரின் எல்லைக்குள் மட்டும் காவல் செல்லுபடியாவது திசைக்கட்டு. காப்புக் கட்டுதலிலும் ஊர்க்கட்டுப்பாட்டிலும் இதே சொல் வருகிறது. காப்புக் கட்டியபின் கட்டுப்படுவது கட்டியவரே. ஊர் எல்லை தாண்டாதிருப்பதும் விரதம் காப்பதும் அவர் கடமை.

இவ்வகையில் நோக்கினால், கடல்கட்டி கட்டியது இருதரப்பையும் ஆகும். சுறாவின் வாய் பகலுக்குக் கட்டப்பட்டது. மனிதரின் வேட்கை இரவுக்கும் எல்லைக்கு அப்பாலும் பருவத்துக்கு வெளியேயும் கட்டப்பட்டது. முதற்கட்டு நம்பிக்கை, இரண்டாம் கட்டு நடைமுறை. உயிர்களைக் காத்தது பெரிதும் இரண்டாவதே. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு மூழ்குவோர் இசைந்திருப்பர் எனக் கூறுவதற்கில்லை.

சலாபத்தின் முடிவும் சுறாவின் நிலையும்

இலங்கைக் கரையில் 1925க்குப் பின்னும், தூத்துக்குடியில் 1961க்குப் பின்னும் பெருஞ்சலாபங்கள் நடைபெறவில்லை. சலாபத்தோடு கடல்கட்டியின் பணியும் முடிந்தது. ஆனால் மனிதர் இக்கடலில் இறங்குவது நிற்கவில்லை. சங்கு குளிப்போரும் பாசி சேகரிக்கும் பெண்களும் இன்றும் இறங்குகின்றனர்.

மாறியது சுறாவின் நிலை. துடுப்புக்கும் இறைச்சிக்கும் ஈரல் எண்ணெய்க்கும் பெருகிய சந்தையும், விசைப்படகுகளும் இழுவலைகளும் இணைந்து, அஞ்சப்பட்ட உயிரை அருகிவரும் உயிராக்கின. உலகச் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் இடரில் உள்ளதாகவும், மிகைப்பிடிப்பே முதன்மைக் காரணம் என்றும் 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், வளைகுடா 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. 2001இல் திமிங்கிலச் சுறா, வேளா உள்ளிட்ட இனங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. இத்தடைகளின் சுமை, ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் தேர்ந்த குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர் போன்றோர்மீதும் விழுந்தது. 1797இல் எழுந்த, செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி வேறு வடிவில் இங்குத் தொடர்கிறது.

உலகின் மறுமுனையில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் கடற்கரைகளில் 2004 முதல் வேறொரு முறை நடைமுறையில் உள்ளது. மலைச்சரிவில் அமர்ந்த கண்காணிப்பாளர், சுறா தென்பட்டதும் கரைக்குச் செய்தி தருகிறார். ஒலிப்பான் முழங்கிக் கொடி ஏறியதும் குளிப்போர் அனைவரும் வெளியேறுகின்றனர். சுறா போனபின் மீண்டும் இறங்குகின்றனர். சுறா கொல்லப்படுவதில்லை. லெபெக் விவரித்த குறியீட்டுக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் ஒத்த இடருக்கு ஒத்த விடை அமைந்துள்ளது. எச்சரிப்பது மூழ்குபவரின் பொறுப்பாக இல்லாமல், அதற்கெனப் பணியில் அமர்ந்தவரின் பொறுப்பாக இருப்பதே முதன்மையான வேறுபாடு.

முடிவுரை

இக்கட்டுரை பயன்படுத்திய சலாபச் சான்றுகள் அனைத்தும் வெளியார் எழுதியவை. அவர்கள் மந்திரத்தைக் கண்டு நகைத்தனர். ஆனால் தாம் கண்டதை எழுதியும் வைத்தனர். அவ்வெழுத்துகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மன்னார் வளைகுடாவின் பாதுகாப்பு ஏற்பாடு சுறாவை ஒழிப்பதை நோக்கமாகக் கொள்ளவில்லை. நேரம், எல்லை, பருவம், கூட்டம், கயிறு, குறியீடு ஆகியவற்றால் மனிதர் நடத்தையை அது வரையறுத்தது. இரண்டாவது, கடல்கட்டியின் இருப்பு மூழ்குவோரின் ஒப்புதலுக்கான நிபந்தனையாக இருந்தது. அரசுகள் மாறியும் சமயம் மாறியும் அப்பதவி நிலைத்ததற்கு அதுவே காரணம். மூன்றாவது, அந்த ஏற்பாடு குறையற்றது அன்று. தவறாக எச்சரித்தவரைத் தண்டித்ததன் வழியாக அது தன் பாதுகாப்பைத் தானே நலிவுறச் செய்தது.

கடலைப் பகிர்வதற்கான இன்றைய திட்டங்கள் கருவிகளைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. சலாபத்தின் வரலாறு அவற்றுக்கு முன் வேறொரு கேள்வியை வைக்கிறது: நீரில் இறங்குபவர் யாரை நம்பி இறங்குகிறார்? தவறாகக் குரல் எழுப்பினாலும் தண்டனை இல்லை என்னும் உறுதி அவருக்கு உண்டா? இவ்விரண்டுக்கும் விடையளிக்கும் ஏற்பாடே மனிதரையும் சுறாவையும் ஒருசேரக் காக்கும்.